தீவுக்கும் வந்து சேர்ந்த எதிர்ப்பு: அந்தமான் குழந்தைகளின் சீதபேதியும் பயனிழந்த மருந்துகளும்

மழைக்குப் பஞ்சமில்லாத ஊர் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிய இந்நகரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இரண்டு பருவக்காற்றுகளும் தீவுகளை நனைத்துவிட்டுத்தான் போகின்றன. அப்படியிருந்தும் கோடையில் மின்னி பே உட்பட நகரின் பகுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. நகரின் முதன்மை நீராதாரமான தானிக்காரி அணை 1973-இல் கட்டப்பட்டது. அதன் பிறகு மக்கள்தொகை பல மடங்கு பெருகிவிட்டது. பெய்யும் மழையில் பெரும்பகுதி சரிவுகளில் ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது.

குடத்திலும் டிரம்மிலும் நீரைப் பிடித்து வைத்து, அளந்து செலவழிக்கும் வீட்டில் முதலில் குறைவது கை கழுவும் தண்ணீர். குழந்தைகளுக்குச் சீதபேதி தரும் ஷிகெல்லா என்ற பாக்டீரியாவுக்கு அது போதும். காலரா வருவதற்குப் பெரும் எண்ணிக்கையில் கிருமிகள் வயிற்றுக்குள் போக வேண்டும். ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமிகளே போதுமானவை. கழுவாத விரல், ஈ உட்கார்ந்த பலகாரம், சேமித்த நீரில் முக்கிய டம்ளர் என எதன் வழியாகவும் அது பரவும்.

அந்தமானில் குழந்தைகளின் ஷிகெல்லா நோயைப் பற்றி இருபதாண்டுகளுக்கு மேலாக ஆய்வு ஆவணங்கள் இருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மருத்துவ ஆராய்ச்சி மையம் 1983 முதல் போர்ட் பிளேரில் இயங்குகிறது. டாலிகஞ்சில் உள்ள அதன் ஆய்வகமும், செல்லுலார் சிறையின் இடிக்கப்பட்ட சிறகுகள் இருந்த வளாகத்தில் எழுந்த கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனையும் சேர்ந்து செய்த பணி அது. ஒரு சிறு மருந்துப் பட்டியல் ஒன்றன்பின் ஒன்றாக எப்படிப் பயனிழந்தது என்பதை அந்த ஆவணங்கள் காட்டுகின்றன. அவற்றோடு உலகின் பிற பகுதிகளில் அண்மையில் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு முடிவு தெளிவாகிறது: மருந்து தேவைப்படாத பேதிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்ததன் விலையை, மருந்து உண்மையாகவே தேவைப்படும் குழந்தை கொடுக்கிறது.

எதிர்ப்பைப் பகிர்ந்துகொள்ளும் கிருமி

1897-இல் ஜப்பானில் 90,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய சீதபேதிக் கொள்ளைநோயின்போது கியோஷி ஷிகா என்ற இளம் ஆய்வாளர் இந்தக் கிருமியைக் கண்டறிந்தார். அவர் பெயரே கிருமிக்கும் நிலைத்தது. இதில் நான்கு இனங்கள் உண்டு. ஏழை நாடுகளில் ஃப்ளெக்ஸ்னெரி அதிகம். வசதி கூடக் கூட சொன்னெய் என்ற இனம் முன்னுக்கு வருகிறது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்குள் நுழைந்து, பெருகி, அவற்றை அழிப்பது இதன் வழக்கம். அதனால்தான் காய்ச்சல், முறுக்கும் வயிற்றுவலி, சளியும் ரத்தமும் கலந்த மலம்.

மருத்துவ வரலாற்றில் ஷிகெல்லாவுக்கு இன்னொரு இடமும் உண்டு. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு மருந்து எதிர்ப்பு தாவிச் செல்லும் என்ற உண்மை, 1950-களின் இறுதியில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிகெல்லாவை ஆராய்ந்தபோதுதான் வெளிப்பட்டது. ஒரே நோயாளியின் குடலில் இருந்த சாதாரண ஈ.கோலியும் ஷிகெல்லாவும் ஒரே மருந்துகளை ஒரே மாதிரி எதிர்த்து நின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்களை அவை தமக்குள் கைமாற்றிக்கொண்டிருந்தன. ஒரு குழந்தைக்குச் சளிக்காகக் கொடுத்த ஆன்டிபயாடிக், அதன் குடலில் தங்கியிருக்கும் தீங்கற்ற கிருமிகளில் எதிர்ப்பை வளர்க்கலாம். பின்னொரு நாள் அங்கே வரும் ஷிகெல்லா அதைப் பெற்றுக்கொள்ளலாம்.

மூன்று கட்டுரைகள், ஒரு சரிவு

ஒரு காலத்தில் சீதபேதிக்கு நாலிடிக்சிக் அமிலமே கைகொடுத்த மருந்து. மலிவானது, குழந்தைக்கு வாய்வழியே கொடுக்கக்கூடியது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் கடும் வயிற்றுப்போக்கு நோயாளிகளிடம், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத ஷிகெல்லா சொன்னெய் தலைகாட்டியிருப்பதாக ஏ.ஆர். கோஷ், ஏ.பி. சுகுணன், எஸ்.சி. சேகல் முதலியோர் 2003-இல் ஓர் அமெரிக்க நுண்ணுயிரியல் இதழில் அறிவித்தார்கள்.

நாலிடிக்சிக் அமிலம் போனால் அதன் வழித்தோன்றலான சிப்ரோஃப்ளாக்சசின் இருக்கிறது என்பதே அன்றைய நம்பிக்கை. உலகச் சுகாதார நிறுவனமும் 2005-இல் வெளியிட்ட வழிகாட்டியில், சீதபேதிக்கு இனி நாலிடிக்சிக் அமிலம் வேண்டாம், சிப்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாகக் கொடுங்கள் என்றது. ஆனால் இரண்டும் பாக்டீரியாவின் ஒரே நொதியைக் குறிவைக்கும் மருந்துகள். அந்த நொதியின் மரபணுவில் ஒரு திடீர் மாற்றம் வந்தால் முதல் மருந்து தோற்கும். மேலும் ஒன்றிரண்டு மாற்றங்கள் சேர்ந்தால் அடுத்ததும் தோற்கும். 2010-இல் போர்ட் பிளேர் ஆய்வாளர்களின் அடுத்த கட்டுரை அதைத்தான் அறிவித்தது: ஃப்ளூரோகுயினலோன் எனப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்துக்கே எதிர்ப்பு அந்தமானில் தோன்றிவிட்டது.

2012-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்த மூன்றாவது கட்டுரை முழுச் சித்திரத்தைத் தந்தது. தேபதத்த பட்டாச்சார்யாவும் உடன் ஆய்வாளர்களும் 2006 முதல் 2009 வரை வயிற்றுப்போக்குக்குச் சிகிச்சைக்கு வந்த குழந்தைகளிடம் கிடைத்த ஷிகெல்லாவை 22 மருந்துகளுக்கு எதிராகச் சோதித்தார்கள். அந்த முடிவுகளை 2000–2002 காலத்து முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். முதல் காலகட்டத்தில், எந்தெந்த மருந்துகளைக் கிருமி எதிர்க்கிறது என்ற சேர்க்கைகள் 13 வகையாக இருந்தன. அடுத்த காலகட்டத்தில் அது 43 ஆயிற்று. புதிய ஃப்ளூரோகுயினலோன்கள், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், அமாக்சிசிலின்–கிளாவுலானிக் அமிலம் ஆகிய மூன்றுக்கும் முன்பு இல்லாத எதிர்ப்பு இப்போது இருந்தது. அந்தமானில் சீதபேதிக்கு எஞ்சியிருப்பவை ஒருசில மருந்துகளே என்பது அவர்களின் முடிவு.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது செஃபலோஸ்போரின். அந்த வகையைச் சேர்ந்த செஃப்ட்ரியாக்சோன் ஊசி, வாய்வழி மருந்து பலிக்காதபோது மருத்துவமனையில் எடுக்கும் ஆயுதம். அதுவும் கைநழுவினால் நோயாளி சிறு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இருந்தாலென்ன, தலைநகர் மருத்துவமனையில் இருந்தாலென்ன, மருத்துவரின் கையிருப்பு ஒன்றுதான். அதிலும் நன்கவ்ரி, கிரேட் நிக்கோபார் போன்ற தெற்குத் தீவுகளிலிருந்து போர்ட் பிளேருக்கு நோயாளியைக் கொண்டுவருவது கப்பலையும் ஹெலிகாப்டரையும் வானிலையையும் பொறுத்தது. 2002-இல் நன்கவ்ரித் தீவுக்கூட்டத்தில் நிக்கோபாரிப் பழங்குடியினரிடையே காலரா பரவியபோது இந்தத் தொலைவு என்ன செய்யும் என்பது தெரிந்தது. முதல் மருந்தே சரியான மருந்தாக இருந்தாக வேண்டிய இடம் இது.

கடல் தடுக்கவில்லை

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள். கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்தும் கப்பல்கள் வருகின்றன, நாள்தோறும் விமானங்கள். தமிழ்க் குடும்பங்களுக்கும் வங்காளக் குடும்பங்களுக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் பெருநிலத்தில் உறவுகள் உண்டு. பள்ளி விடுமுறை என்றால் பயணம்தான். வடக்கு வங்காளத்தில் சிலிகுரியைச் சுற்றி 2002-இல் பரவிய ஷிகெல்லா டிசென்டெரியே சீதபேதியில் ஃப்ளூரோகுயினலோன் மருந்துகள் சரிவரப் பலிக்கவில்லை என்பது லான்செட் இதழில் பதிவானது. அதே பத்தாண்டு முடிவதற்குள் அந்தமானிலும் அதே குடும்ப மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாயிற்று.

எதிர்ப்பு பயணிகளோடு வந்ததா, தீவிலேயே மருந்துப் பயன்பாட்டால் உருவானதா என்று கேட்டால், இரண்டுக்கும் இடமுண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு ஒவ்வோர் ஊரிலும் புதிதாகத் தோன்றக்கூடியது. பிளாஸ்மிட் வழி எதிர்ப்பு வெளியிலிருந்து வந்து தங்கக்கூடியது. வந்த கிருமி தழைக்க வேண்டுமானால், போட்டிக்கிருக்கும் மற்ற கிருமிகளை ஆன்டிபயாடிக் கொன்று இடம் ஒழித்துத் தர வேண்டும். அந்த இடத்தைக் கொடுப்பது உள்ளூர் மருந்துப் பழக்கம்.

அண்மைக் கால நிலவரமும் கவலைக்குரியதே. 2020 டிசம்பரில் கோழிக்கோட்டில் ஷிகெல்லா பரவியபோது 11 வயதுச் சிறுவன் இறந்தான். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்டு நோயுற்றவர்களில் ஒரு பள்ளி மாணவி உயிரிழந்தார். நோயாளிகளிடம் ஷிகெல்லா உறுதியானது. இது கைக்குழந்தைகளுக்கு மட்டுமான நோய் என்ற எண்ணத்தை வளரிளம் பருவத்து மரணங்கள் திருத்தின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் விடுத்த எச்சரிக்கையில், எல்லா முதன்மை மருந்துகளையும் எதிர்க்கும் ஷிகெல்லா 2015-இல் அறவே இல்லை, 2022-இல் அங்கே ஷிகெல்லா தொற்றுகளில் 5 விழுக்காடு ஆகிவிட்டது என்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2017-இல் தயாரித்த முன்னுரிமைக் கிருமிகள் பட்டியலில் ஃப்ளூரோகுயினலோன் எதிர்ப்பு ஷிகெல்லா நடுத்தர வரிசையில் இருந்தது. 2024 பட்டியலில் அது உயர் வரிசைக்கு ஏறியது.

எந்தப் பேதிக்கு மருந்து?

எல்லா வயிற்றுப்போக்கும் ஒன்றல்ல. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏழு நாடுகளில் நடந்து 2013-இல் வெளியான பெரும் ஆய்வு ஒன்று, கொல்கத்தாவையும் உள்ளடக்கியது. குழந்தைகளின் கடுமையான பேதிக்கு ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம், ஒருவகை ஈ.கோலி, ஷிகெல்லா ஆகியவையே பெரும் காரணங்கள் என்று அது காட்டியது. மூன்றாண்டு கழித்து அதே மாதிரிகளை மூலக்கூறு முறையில் மீண்டும் சோதித்தபோது ஷிகெல்லாவின் பங்கு முன்பு கணித்ததைவிட மிக அதிகம் என்று தெரிந்தது. தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு அது எளிதில் அகப்படாமல் தப்பியிருந்தது.

ரோட்டா வைரஸுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. கிரிப்டோஸ்போரிடியமும் பாக்டீரியா அல்ல. ரத்தம் கலந்து போகும்போதும், காலரா போன்ற சில நிலைகளிலுமே மருந்து அவசியம். இருந்தும், நீர்த்த பேதியிலும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலவீனமான குழந்தைகளைக் காப்பாற்றலாமோ என்ற கேள்வி நியாயமானது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 8,200-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். நீரிழப்போ ஊட்டக்குறைவோ உள்ள, ரத்தம் போகாத குழந்தைகளில் பாதிப் பேருக்கு அசித்ரோமைசின், மற்றவர்களுக்கு மருந்தற்ற போலிக் கரைசல். 2021-இல் வெளியான முடிவு: 180 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

அதே குழந்தைகளின் மாதிரிகளைப் பின்னர் நுணுகிப் பார்த்தபோது, பேதிக்கு பாக்டீரியாதான் காரணம் என்று தெரிந்தவர்களுக்கு மருந்து ஓரளவு பயன் தந்தது புலப்பட்டது. இதை வைத்து எல்லாருக்கும் மருந்து கொடு என்று சொல்ல முடியாது. எந்தக் குழந்தைக்குப் பாக்டீரியா என்று அங்கேயே, அப்போதே சொல்லும் எளிய சோதனை வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். சிறு தீவுகளின் சுகாதார நிலையங்களுக்கு அத்தகைய சோதனை வேறெவரையும்விடத் தேவை.

உப்பு, சர்க்கரை, துத்தநாகம்

பேதியில் குழந்தை இறப்பது பெரும்பாலும் கிருமியால் அல்ல, உடலிலிருந்து வெளியேறும் நீராலும் உப்பாலும். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த பன்கான் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பிலிருந்த நோயாளிகளிடம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. குடல் புண்பட்டிருந்தாலும், குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் நீரையும் இழுத்துக்கொண்டே போகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்ற சம அளவில் அமைந்த இன்றைய ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) பொட்டலம் 2002-இல் வந்தது. அதனுடன் 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரை சேர்க்க வேண்டும் என்பது 2004 முதல் உள்ள பரிந்துரை. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வு, 20 மில்லிகிராமுக்குப் பதில் 10 அல்லது 5 மில்லிகிராம் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை, வாந்திதான் குறைகிறது என்று காட்டியது.

இவ்வளவு தெரிந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி பேதி கண்ட இந்தியக் குழந்தைகளில் 60.6 விழுக்காட்டினருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது, துத்தநாகம் 30.5 விழுக்காட்டினருக்குத்தான். ஏன்? இதற்கான விடையைத் தேடிக் கர்நாடகத்திலும் பீகாரிலும் 2,000-க்கும் மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடமும் மருந்துக்கடைகளிலும் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற ஆட்கள் குழந்தையின் தந்தையைப் போலப் போய் மருந்து கேட்டார்கள். சிலர் எதுவும் சொல்லவில்லை, சிலர் ஆன்டிபயாடிக் வேண்டும் என்றார்கள், சிலர் ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்றார்கள். 2024-இல் சயன்ஸ் இதழில் வந்த முடிவு எல்லாரையும் வியக்க வைத்தது. ஓ.ஆர்.எஸ். எழுதாததற்குச் சரக்கு இல்லாமையும் லாபக் கணக்கும் சிறு காரணங்களே. மிகப் பெரிய காரணம், அதாவது 42 விழுக்காடு, நோயாளிக்கு ஓ.ஆர்.எஸ். பிடிக்காது, அவர் வேறு மருந்தைத்தான் எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் தாமாக நினைத்துக்கொண்டது. கேட்ட இடத்திலோ பரிந்துரை 27 புள்ளிகள் உயர்ந்தது. வெறும் உப்புத் தண்ணீரைக் கொடுத்தால் இவரெல்லாம் ஒரு டாக்டரா என்பார்கள் என்று மருத்துவர் அஞ்சுகிறார். மருத்துவர் எழுதவில்லையே, தேவையில்லை போலும் என்று தாய் நினைக்கிறாள். இடையில் ஆன்டிபயாடிக் விற்பனையாகிறது.

கடையில் கேட்டு வாங்கும்போதும் கவனம் தேவை. பழச்சாறு போன்ற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளோடு விற்கப்பட்டன. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் பின், 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை இத்தகைய பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது.

வேலூர் சொல்லும் பாடம்

தடுப்பூசி எவ்வளவு கைகொடுக்கும்? வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் குழு, நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்றாண்டு காலம் தொடர்ந்து கவனித்தது. மெக்சிகோவில் இருமுறை ரோட்டா தொற்று வந்துபோனாலே குழந்தைக்குக் கடும் நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் 79 விழுக்காடுதான் என்று 2011-இல் தெரியவந்தது. தில்லி, புனே, வேலூரில் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்த ரோட்டாவாக் தடுப்பு மருந்தும் கடும் நோயைப் பாதிக்குச் சற்று மேல்தான் தடுத்தது. ஆயினும் அது உயிர்களைக் காக்கிறது. ரோட்டா தடுப்பு மருந்துத் திட்டம் 2016-இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி 2019-க்குள் நாடு முழுதும் போய்ச் சேர்ந்தது. வைரஸ் பேதி குறைவதால் வீணாகும் ஆன்டிபயாடிக்கும் குறையும்.

ஓயாமல் கிருமிகளைச் சந்திக்கும் குடலில் தடுப்பு மருந்தும் முழுதாக எடுபடுவதில்லை. வேலூரையும் ஓர் இடமாகக் கொண்ட எட்டு நாட்டு ஆய்வில், வெளியில் பேதியே காட்டாமல் குடலில் தங்கும் ஷிகெல்லாகூடக் குழந்தையின் உயர வளர்ச்சிக் குறைவோடு தொடர்புடையதாக இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதற்கு உணவுக் குறைவோடு அசுத்த நீரும் காரணமாகலாம் என்பதை இது சுட்டுகிறது. ஷிகெல்லாவுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இன்னும் எங்கும் இல்லை. நான்கு வகைகளுக்கு எதிரான ஒன்றை உருவாக்கிவந்த ஜி.எஸ்.கே. நிறுவனம் 2025-இல் அதை மேலே கொண்டுசெல்லும் உரிமையை ஐதராபாத்தின் பாரத் பயோடெக்கிடம் கொடுத்திருக்கிறது. அது வரும்வரை காத்திருக்க முடியாது.

செய்யத்தக்கவை

அந்தமானின் ஆய்வாளர்கள் 2012-இலேயே கேட்டது, உள்ளூர்க் கிருமிகளின் எதிர்ப்பை விடாமல் கண்காணிப்பது. கொல்கத்தாவின் பட்டியலோ ஜெனீவாவின் பட்டியலோ போர்ட் பிளேர்க் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. 2015-இல் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் மருத்துவ அறிவியல் கல்விக்கழகமும் ஆராய்ச்சி மையமும் ஒரே நகரில் இருப்பது பெரும் வசதி. இந்த ஆண்டு எந்த மருந்து பலிக்கிறது, எது பலிக்காது என்ற ஒரு பக்கத் தாளை ஆண்டுதோறும் வெளியிட்டு, கார் நிக்கோபாரிலிருந்து டிக்லிபூர் வரை ஒவ்வொரு சுகாதார நிலையச் சுவரிலும் ஒட்டிவிடலாம். மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்ற விதியும், 2014 முதல் நடப்பிலுள்ள எச்-1 அட்டவணையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைக் கடைப்பிடிக்கச் செய்தாலே போதும். 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஒவ்வொரு கூரைக்கும் மழைநீர்த் தொட்டி கட்டுவதைச் சீதபேதித் தடுப்புத் திட்டமாகவே கருத வேண்டும்.

பெற்றோர் செய்யக்கூடியது இதைவிட எளிது. குழந்தைக்குப் பேதி என்று மருத்துவரிடமோ மருந்துக்கடைக்கோ போனால் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: ஓ.ஆர்.எஸ். கொடுங்கள், துத்தநாகம் கொடுங்கள். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து கண்கள் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ரத்தம் இல்லாத பேதிக்கு ஆன்டிபயாடிக் எழுதினால், இது கட்டாயம் வேண்டுமா என்று மரியாதையோடு கேளுங்கள். மீந்த மருந்தைப் பத்திரப்படுத்தி அடுத்த முறைக்குக் கொடுக்காதீர்கள். கேட்டால் மருத்துவர்கள் மாறுகிறார்கள் என்பது இன்று ஆய்வால் நிறுவப்பட்ட உண்மை.